லேகியம் இருக்கட்டும்... முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்!

"டாக்டர், பையனுக்குப் படிச்சது எதுவும் மண்டையில ஏற மாட்டேங்குது. ஞாபக சக்திக்கு ஏதாவது லேகியம் குடுங்களேன்!"

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துத் தாய்மார்கள் அடிக்கடி கேட்பது இது. உடனே நான் மருந்து எழுதுவதில்லை. பிள்ளையிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். பல நேரம் விஷயம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். பாடப் புத்தகம் வேண்டாம், அதை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவான். இதுவரை பார்க்காத கதை ஒன்றைக் கொடுங்கள். 'வீ... ட்டு... க்கு' என்று எழுத்துக் கூட்டுகிறானா? அடுத்து, அவன் தப்பாகப் போட்ட கணக்குக் கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். டக்கென்று விடை சொல்கிறானா? அப்படியென்றால் அவனுக்குக் கணக்கு தெரியும். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் களைத்துப் போகிறான். அந்தப் பிள்ளையைப் போய் 'மக்கு' என்று திட்டலாமா?

ஏன் இப்படி?

கோலம் போடப் பழகும் சிறுமிக்குப் புள்ளியை எண்ணுவதிலேயே கவனம் போய்விடும். கை பழகிய பிறகுதான் கோலத்தைப் பற்றி யோசிப்பாள். வாசிப்பும் அப்படித்தான். மூளை ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளக் கூடியது கொஞ்சம்தான். எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே அது தீர்ந்துவிட்டால், வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது ஆரம்பம் மறந்து போகும். இதைத்தான் நாம் 'ஞாபக மறதி' என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் உடம்பு

கண் பார்வை, காது கேட்கும் திறன் இரண்டையும் பரிசோதியுங்கள். பிள்ளை வெளுத்து, சோர்ந்து இருந்தால் ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

வல்லாரை? துவையலாகத் தாராளமாகக் கொடுங்கள், நல்ல கீரை. நீர்ப்பிரம்மி பெரியவர்களின் நினைவாற்றலுக்கு ஓரளவு உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஒரு சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்: எழுத்துக் கூட்டும் பிள்ளையை எந்த மூலிகையும் சரளமாக வாசிக்க வைத்துவிடாது. அதற்கு வாசிப்புதான் மருந்து!

நாவலர் காட்டிய வழி

1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்காகவே 'பாலபாடம்' என்ற வரிசை நூல்களை எழுதினார். எளிதில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கடினத்துக்குப் போகும் புத்தகங்கள். உரைநடையில் சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு அச்சிட்டவரும் அவர்தான். கண் தடுக்காமல் ஓட வேண்டும் என்றால் இதெல்லாம் வேண்டும்.

அமெரிக்காவில் சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979-ல் எழுதியதும் எளிய விஷயம்தான். சிறிய பகுதி ஒன்றைச் சரளம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தால், அடுத்த புதிய பகுதியையும் பிள்ளை முன்னைவிட வேகமாக வாசிக்கிறது.

தினமும் 15 நிமிஷம்

* பத்து வரிப் பகுதி போதும். நான்கு வார்த்தைக்கு ஒரு முறை தடுக்கினால், அதைவிட எளிதானதாக மாற்றுங்கள்.
* முதலில் நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு பிள்ளை தனியாக மூன்று, நான்கு தடவை.
* தப்பு வந்தால் சரியான சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். அதட்டல் வேண்டாம்.
* முடிந்ததும், "கதை என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். வேகம் மட்டும் போதாது.
* கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகும்போது ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

மூன்று, நான்கு மாதம் விடாமல் செய்தும் முன்னேற்றம் இல்லையா? எழுத்துகள் தொடர்ந்து மாறிப் போகின்றனவா? 'டிஸ்லெக்சியா' எனும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுக்குறைவு அல்ல அது. அதற்கு மாத்திரையும் கிடையாது, லேகியமும் கிடையாது. தனிப் பயிற்சி முறை இருக்கிறது. குழந்தை நல மருத்துவரிடம் காட்டிச் சான்று பெறும் வழியைக் கேளுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு.

அதுவரை 'மக்கு' என்ற சொல் உங்கள் வீட்டில் யார் வாயிலும் வர வேண்டாம்.