விழுந்த பல்லுக்கு உயிர் உண்டு

பனமரத்துப்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்காம் வகுப்புப் படிக்கும் மகன் சைக்கிளிலிருந்து குப்புற விழுந்ததில், மேல் முன்பல் ஒன்று வேரோடு தெறித்துவிட்டதாம். பாட்டி அதைத் தேடி எடுத்து, வழக்கப்படி சாணியில் உருட்டி ஓட்டுமேல் எறிந்துவிட்டார். “மறுபடியும் முளைக்கும்தானே?” என்று கேட்கிறார்.

முளைக்காதம்மா. ஏழெட்டு வயதில் முளைக்கும் மேல் முன்பற்கள் ஆயுளுக்கும் உள்ளவை. ஓட்டுமேல் எறியும் வழக்கம் பால்பல்லுக்கு மட்டும்தான் பொருந்தும்.

பல்வலிக்கு உப்புத் தண்ணீரும் கிராம்புத் தைலமும் வீட்டுக்கு வீடு தெரியும். நம்மில் பலருக்குத் தெரியாதது இதுதான்: வேரோடு விழுந்த பல் உடனே செத்துவிடுவதில்லை.

பல் எலும்பில் ஆணி அடித்தாற்போல இறுகி நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனத்தில், நார்களால் ஆன சவ்வு ஒன்று இருக்கிறது. பல் தெறிக்கும்போது அது கிழிந்து, பாதி வேரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதிலுள்ள செல்கள் உயிரோடிருந்தால், திரும்பப் பொருத்திய பல்லை எலும்போடு அவையே பிணைத்துவிடும். அவை செத்துப்போனால், உடம்பு அந்த வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எலும்பாக்கிவிடும். என் அப்பா மிளகாய் நாற்றை ஈரச் சாக்கில் சுற்றித்தான் வயலுக்குக் கொண்டுபோவார். வேர் காய்ந்த நாற்றை நட்டுப் பயனில்லை. பல்லின் கதையும் அதேதான். வெறும் காற்றில் ஒரு மணி நேரம் காய்ந்தால் அந்தச் செல்கள் அநேகமாகப் பிழைக்காது.

அதனால் பல்லை எடுக்கும்போது வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடவே வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ பிள்ளையின் எச்சிலிலோ ஒருமுறை அலசினால் போதும். தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள். பிள்ளை நல்ல நினைவோடு, சொன்னதைக் கேட்கிற நிலையில் இருந்தால், முன்பக்கம் முன்பக்கமாகவே இருக்கும்படி பல்லைக் குழியில் மெதுவாகப் பொருத்தி, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இதைச் செய்வதே உத்தமம். கை வரவில்லை என்றால் ஒரு டம்ளர் பாலில் பல்லைப் போட்டு, டம்ளரோடு பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அவர் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் இரண்டு வாரம் கட்டிவைப்பார்.

ஏன் பால்? சாதாரணத் தண்ணீரில் உப்புச்சத்து மிகக் குறைவு. அதில் பல் கிடந்தால் செல்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். பாலின் அடர்த்தி உடம்பின் நீர்ச்சத்துக்குக் கிட்டத்தட்ட ஒப்பானது, புளிப்பும் குறைவு. பல் சில மணி நேரம் தாங்கும். பால் ஆறியதாக இருக்க வேண்டும்; கொதிக்கும் பாலும் மோரும் உதவாது. ஆவின் பாக்கெட்டை அப்படியே பிரித்து ஊற்றலாம்.

2008-ல் சென்னை ஆய்வாளர்கள் இளநீரைச் சோதித்து, பாலைவிட நன்றாகவே செல்களைக் காத்தது என்று எழுதினார்கள். நம் ஊர்க்காரன் யாருக்கும் உச்சி குளிரும் செய்திதான். ஆனால் பின்னர் வெளிநாட்டில் செய்த சோதனைகள் அதற்கு ஒத்துவரவில்லை. இளநீரில் புளிப்புத்தன்மை அதிகம். பல் காயங்களுக்கான சர்வதேச மருத்துவ அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பாலுக்குத்தான் முதலிடம். இளநீரைப் பிள்ளை குடிக்கட்டும், பல்லுக்குப் பால்தான்.

பால்பல் விழுந்தால் திரும்பப் பொருத்தவே கூடாது. அடியில் வளரும் நிரந்தரப் பல் கெட்டுவிடும். எந்தப் பல் என்று சந்தேகமாக இருந்தால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

மற்ற சங்கடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காவிட்டால், சுத்தமான துணியை மடித்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும் துப்புவதும் கூடாது. சொத்தைப் பல்லில் எருக்கம்பால் விடுவது, ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கிக்கொள்வது இரண்டுமே சதையைப் புண்ணாக்கும். புகையிலை அடக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கன்னவீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவி, காய்ச்சலும் விழுங்கச் சிரமமும் வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து; நேராகச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம். பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் இருக்கின்றன. விளையாட்டு மைதானத்தில் பல் போனால் என்ன செய்வது என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. குழாயடியில் பல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்புகிறோம். அக்கறையோடு செய்கிற வேலைதான். ஆனால் பல்லைச் சாகடிப்பதும் அதுதான். பனமரத்துப்பட்டியில் அரளித் தோட்டம் வைத்திருக்கிறவர் வீட்டிலும் ஒரு மாடு நிற்கும். பள்ளிக்கூடத்து வாசலில் டீக்கடை இருக்கும். பாலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஒரு பல் காய்ந்து சாகலாமா?

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டுச் சாமான் அறைக் கதவில் இதை எழுதி ஒட்டுங்கள்: “வேரைத் தொடாதே. தேய்த்துக் கழுவாதே. பாலில் போடு. ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போ.”