பிரித்துப் படித்தால் மனதில் நிற்கும்

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் நினைவாற்றலைத் தானே அளந்து பார்த்தவர். பொருளற்ற அசைகளை வரிசையாக எழுதிவைத்து, தடுமாறாமல் ஒப்பிக்கும்வரை படிப்பார். பிறகு எவ்வளவு மறந்திருக்கிறது என்று கணக்கெடுப்பார். 1885இல் அவர் வெளியிட்ட ஆய்வில் உள்ள ஒரு கணக்கைக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே அமர்வில் 68 முறை படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாள்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே கிடைத்துவிட்டது.

படிப்புக்கு வார அட்டவணை போடுவதன் அறிவியல் இங்கேதான் தொடங்குகிறது. வீட்டிலிருந்து போய்வரும் ஒரு பொறியியல் மாணவியின் நாளை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் கல்லூரிப் பேருந்து, மாலைவரை வகுப்பும் லேபும், வீடு திரும்பினால் ரெக்கார்டு எழுதும் வேலை, அடுத்த வாரம் இன்டர்னல். படிக்க மிஞ்சுவது ஒன்றிரண்டு மணி நேரம். அதைக் கூட்ட அவரால் முடியாது. எந்தப் பாடத்தை எந்த நாளில் வைப்பது என்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது. அதுவே பெரிய பலம்.

புத்தகத்தை மூடிவிட்டு

இடைவெளி விட்டுத் திரும்பும்போது பாடம் ஓரளவு மறந்திருக்கும். முயன்று நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அந்த முயற்சிதான் நினைவை உறுதியாக்குகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பத்தியை மாணவர்களில் சிலர் மறுபடியும் படித்தார்கள். சிலர் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான்.

ஆகவே, திங்கட்கிழமை நடத்திய கணக்குப் பாடத்துக்கு ஞாயிறு அன்று ஒரு மணி நேரம் ஒதுக்குவதைவிட, திங்கள் மாலை, வியாழன், ஞாயிறு என்று இருபது இருபது நிமிடமாகப் பிரிப்பது நல்லது. இரண்டாவது, மூன்றாவது முறை நோட்டைத் திறக்கும் முன்பே வெள்ளைத்தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் வரும் இரவுகளும் வீணாவதில்லை. பகலில் படித்ததை மூளை உறக்கத்தில் பதியவைக்கிறது.

ஏன் தள்ளிப்போகிறது?

அட்டவணை போட்டவர்கள் பலரும் புதன்கிழமைக்குள் கைவிட்டுவிடுகிறார்கள். அதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். எடுத்துக்கொண்டது 55 நாளுக்கும் மேல். 1994இல் வெளியான இந்த ஆய்வு காட்டும் காரணம் எளியது: திட்டமிடும்போது முன்னால் இருக்கும் வேலையை மட்டும் மனதில் ஓட்டிப் பார்க்கிறோம், சென்ற முறை எவ்வளவு இழுத்தது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்கு மருந்து அனுபவக் கணக்குதான். போன ரெக்கார்டுக்கு மூன்று மணி நேரம் ஆனதென்றால், இந்த வாரமும் மூன்று மணி நேரம் போடுங்கள். சனிக்கிழமையில் ஒரு பகுதியை எதுவும் எழுதாமல் விடுங்கள். தள்ளிப்போன வேலைக்கு அது இடம் தரும்.

இன்னொன்று, ‘இந்த வாரம் இயற்பியல்’ என்று எழுதினால் போதாது. எப்போது, எங்கே என்று சேர்த்து முடிவு செய்பவர்கள் நினைத்ததைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் சொல்கின்றன. ‘வியாழன் மதியம் சாப்பிட்டதும் நூலகத்தில் இரண்டாம் யூனிட்’ என்று எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிக்கும் பிள்ளையை உழைப்பாளி என்று மெச்சுவதை நிறுத்துவோம். பத்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு உறங்கப்போகும் பிள்ளை, அந்த வாரம் முழுவதும் படித்திருக்கக்கூடும்.