மூன்றாம் குரோமோசோமில் ஒரு பழைய சொத்து

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி போகும் வழியில் இருக்கிறது ஏர்பேடு. அங்கிருந்து சொர்ணமுகி ஆற்றுப் பக்கமாக உள்ளே போனால் குடிமல்லம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் சிவலிங்கம் ஒன்று அந்தக் கோயிலில் நிற்கிறது. 2015இல் திருப்பதியில் தொடங்கிய ஐசரும் ஐஐடியும் சொந்த வளாகம் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததும் இந்த ஏர்பேட்டுப் பக்கம்தான். இந்த வாரம் நாம் பார்க்கப்போகிற சொத்து, அந்த லிங்கத்தைவிட ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைத் தங்கள் உடம்பில் வைத்திருக்கிறார்கள்.

கொரோனா காலத்தில் ஊர் ஊராக ஒரு கேள்வி கேட்டது. ஒரே வீடு, ஒரே சோற்றுப் பானை. எழுபது வயதுத் தாத்தாவுக்குத் தும்மல்கூட இல்லை. நாற்பது வயது மகன் மூச்சுக்குத் திணறுகிறான். ஏன்? தலைவிதி என்றார்கள். நம் ரத்தமே சரியில்லை என்று தங்களையே நொந்துகொண்டவர்களும் உண்டு. அந்த இரண்டாவது பேச்சு என்னை இன்றும் வருத்துகிறது. அதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

2020 செப்டம்பரில் ஹியூகோ செபெர்க், ஸ்வாந்தே பேபோ என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொரோனா முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 3,199 பேரின் மரபணுக்களை ஒரு பன்னாட்டுக் குழு அலசியபோது, மூன்றாம் குரோமோசோமில் ஓர் இடம் துருத்திக்கொண்டு தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு குறிப்பிட்ட வடிவம் உள்ளவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். சுமார் 50,000 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டை இருவரும் பழைய எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். குரோவேஷியாவின் விண்டிஜா குகையில் கிடைத்த, நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்துப் பெண் ஒருத்தியின் எலும்போடு அது ஒத்துப்போனது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர்கள் நியாண்டர்தால்களோடு கலந்தபோது வந்த சீதனம் அது. ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினாறு பேரிடம் இருக்கிறது. வங்கதேசத்தில் அறுபத்து மூன்று பேரிடம். சீனா, ஜப்பான் பக்கம் அநேகமாக இல்லவே இல்லை.

அந்தத் துண்டுக்குள் எந்த மரபணு வேலையைக் கெடுக்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று 2021இல் எல்இசட்டிஎஃப்எல்1 என்ற மரபணுவைச் சுட்டியது. வைரஸ் தொற்றியதும் நுரையீரலின் உட்பூச்சுச் செல்கள் தங்கள் இயல்பை மாற்றிக்கொண்டு, வைரஸ் நுழையும் வாசலைக் குறுக்கிக்கொள்ள முயல்கின்றன. இந்த மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் அந்த மாற்றம் தடைபடுகிறது என்பது அவர்கள் கணிப்பு.

அப்படியானால் இந்தியாவில் இத்தனை பேர் இறந்ததற்கு இதுதான் காரணமா? அவசரப்பட வேண்டாம். ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும், காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஞானேஷ்வர் சௌபேயும் இதே கேள்வியோடு தெற்காசிய மரபணுத் தரவுகளை நோய்ப் பரவலோடும் இறப்பு விகிதத்தோடும் வைத்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த அவர்களின் முடிவு, அந்தத் துண்டு ஐரோப்பாவில் காட்டிய வேகத்தை இங்கே காட்டியதாகத் தெரியவில்லை என்பது. ஐரோப்பிய உடம்பில் போட்ட கணக்கை அப்படியே நம் மேல் எழுதிவிட முடியாது. இந்திய உடம்புகளை நாமே படிக்க வேண்டும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணு வரிசை இப்போது கையில் இருக்கிறது. ஏர்பேட்டு ஆய்வகங்களில் படிக்கும் பிள்ளைகள் அதை எடுத்து இந்த மண்ணின் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியாது. 2021 மே 10ஆம் தேதி இரவு, ஏர்பேட்டிலிருந்து அதிகத் தூரமில்லாத திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் டேங்கர் வரத் தாமதமானது. குழாயில் அழுத்தம் குறைந்தது. 11 பேர் இறந்ததாக அப்போது அறிவித்தார்கள். அந்தப் படுக்கைகளில் இருந்தவர்களின் மூன்றாம் குரோமோசோமில் எது எழுதியிருந்தாலும், அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டது காற்று. மரபணு கூட்டுவது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. ஆக்சிஜன் இல்லாத கட்டிலுக்கு அந்தக் கணக்கே கிடையாது.

இனி இந்தக் கதையில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த பகுதி. அதே மூன்றாம் குரோமோசோமில், அந்த நியாண்டர்தால் துண்டுக்குப் பக்கத்திலேயே சிசிஆர்5 என்ற மரபணு இருக்கிறது. ஹெச்ஐவி நம் வெள்ளையணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். நிர்மலா அவற்றை வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோதுதான், இந்த வைரஸ் இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பதே நமக்குத் தெரிந்தது. 2022இல் செபெர்க் தன் பழைய துண்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அதை வைத்திருப்பவர்களின் வெள்ளையணுக்களில் சிசிஆர்5 குறைவாக இருந்தது. அவர்களுக்கு ஹெச்ஐவி தொற்றும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு.

கொரோனாவிடம் காட்டிக்கொடுத்த அதே துண்டு, ஹெச்ஐவியிடம் கதவைச் சாத்துகிறது!

ஆனால் ஹெச்ஐவி மனிதரிடையே பரவத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே இந்தத் துண்டு நம்மிடையே பெருகிவிட்டது. அப்படியென்றால் வேறு ஏதோ ஒரு பழைய கொள்ளைநோயில் இது நம் பாட்டன் பூட்டன்களைக் கரையேற்றியிருக்க வேண்டும். பெரியம்மையாக இருக்கலாம் என்று செபெர்க் ஊகிக்கிறார். எனக்கும் அந்த ஊகம் பிடித்திருக்கிறது. நிரூபணம் இன்னும் இல்லை.

நியாண்டர்தால்கள் பன்னிரண்டாம் குரோமோசோமிலும் ஒரு துண்டை விட்டுப் போயிருக்கிறார்கள். அது கொரோனாவிலேயே நமக்குத் துணை நின்றது. வைரஸின் ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக வெட்டச் சொல்லும் அந்த மரபணுவின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)