சுவரெழுத்திலிருந்து பிறந்த பாடல்: சாம் – டேவ் இணையரின் இசையும் உரிமையும்

1967 ஜூலையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்களின் கிளர்ச்சி வெடித்தது. ஐந்து நாள்களில் 43 பேர் உயிரிழந்தனர். தம் கடைகள் தீக்கிரையாகாமல் காக்கக் கறுப்பின வணிகர்கள் அவற்றின் முகப்பில் 'சோல்' என்று எழுதிவைத்தனர். தொலைக்காட்சியில் அதைக் கண்ட ஐசக் ஹேய்ஸ், டேவிட் போர்ட்டருடன் இணைந்து எழுதிய பாடலே 'சோல் மேன்'. ஆன்மா என்னும் பொருள்கொண்ட சொல், கறுப்பின மக்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயராயிற்று. பிறர் இட்ட பெயர்களை மறுத்து 'தலித்' என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்ட நமக்கு இதன் கனம் விளங்காமல் போகாது.

பாடலுக்குக் குரல் தந்தவர்கள் சாம் மூர், டேவ் பிரேட்டர். தேவாலயப் பாடல்களில் வளர்ந்த இருவரும் 1961இல் மயாமியின் இரவு விடுதியொன்றில் இணைந்தனர். ஒருவர் அழைக்க மற்றவர் மறுமொழி பாடும் தேவாலய முறையைக் காதல் பாடல்களுக்குள் கொணர்ந்ததே இவர்களது தனித்தன்மை. சாமின் குரல் உச்சத்தில் தாவும். டேவின் தாழ்ந்த குரல் அதனைத் தாங்கிப் பிடிக்கும். 1964இல் அட்லாண்டிக் நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்து, மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்திற்கு ஒருவகையில் 'இரவல்' கொடுத்தது. பழைய திரையரங்கொன்றில் இயங்கிய ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தனர். வெளியே நகரம் நிறத்தால் பிளந்து கிடந்தது. 'ஹோல்ட் ஆன், ஐ'ம் கமிங்' 1966இல் ரிதம் அண்டு புளூஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது. 'சோல் மேன்' அப்பட்டியலில் முதலிடத்தையும், பொதுப் பட்டியலில் இரண்டாமிடத்தையும், கிராமி விருதையும் வென்றது.

அதே மெம்பிஸில், 1968 பிப்ரவரியில், குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இரு கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் மாண்டனர். நாமும் மனிதரே என்ற முழக்கத்தோடு ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று லொரெய்ன் விடுதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஸ்டாக்ஸ் கலைஞர்கள் தங்கிப் பாடல் எழுதிய விடுதியும் அதுவே.

அவ்வாண்டே இரு நிறுவனங்களின் உறவும் முறிந்தது. ஸ்டாக்ஸ் கூடத்தில் பதிவான மூலப்பதிவுகளின் உரிமை ஒப்பந்தத்தின்படி அட்லாண்டிக்கிடம் போயிற்று. இணையரும் அங்கேயே திரும்ப நேர்ந்தது. ஹேய்ஸ் – போர்ட்டர் துணையின்றி வந்த பாடல்கள் பழைய வீச்சைப் பெறவில்லை. 1970இல் பிரிந்தனர். பின்னர் அவ்வப்போது சேர்ந்து பாடினர் என்றாலும் பழைய நிலை மீளவில்லை. 1978இல் புளூஸ் பிரதர்ஸ் என்னும் வெள்ளை நகைச்சுவைக் கலைஞர் இருவர் 'சோல் மேன்' பாடலை மீண்டும் பாடிப் பெரும்புகழ் அடைந்தனர்.

டேவ் 1988இல் கார் விபத்தில் இறந்தார். 1993இல் சாம் மூரும் பிற மூத்த கலைஞர்களும் இசைத்தட்டு நிறுவனங்கள் மீதும் கலைஞர் ஓய்வூதிய நிதியத்தின் மீதும் வழக்குத் தொடுத்தனர். தம் பாடல்களின் வருவாய்க்கு ஏற்ற ஓய்வூதியப் பங்கு செலுத்தப்படவில்லை என்பதே அவர்கள் முறையீடு. வழக்கில் முதல் பெயர் சாமுடையது.