கோத்த சைக்கிளும் வாங்கிய சைக்கிளும்

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், கரக்பூருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஸார், தாங்கள் உதிரிப் பாகங்களை வாங்கித் தங்கள் பெண்ணுக்குச் சைக்கிள் செய்து கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். நானும் என் பையனுக்கு அவ்வாறே செய்யலாமென்று எண்ணுகிறேன். எவ்வளவு மிச்சமாகும்?" என்று வினவினார். காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடை அன்று அது. மேலும், அதே கேள்வி வேறு பல குடும்பங்களிலும் எழக்கூடியதே. ஆகவே, என் அநுபவத்தை ஒளிவு மறைவின்றி ஈண்டு எழுதத் துணிந்தேன்.

2023 ஆம் ஆண்டில் என் மூத்த பெண் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். பள்ளிக்கூடம் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரம். இம்மாநில அரசு 2015 ஆம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பு முதற்கொண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு 'சபுஜ் சாத்தி' என்னும் திட்டத்தின் கீழ்ச் சைக்கிள் வழங்கி வருகிறது. ஆனால் அவள் படிப்பது மத்திய அரசின் பள்ளி; அத்திட்டத்தின் நிழல் அங்கே விழாது. கடையில் பெண்கள் ஏறும் வகைச் சைக்கிளின் விலை 6,400 ரூபாய் என்றார்கள். குமாஸ்தாச் சம்பளத்தில் 6,400 ரூபாய் என்பது ஒரு மாதத்து மளிகையையும் பால் கணக்கையும் சேர்த்த தொகை. 'பாகங்களைத் தனித்தனியே வாங்கி நாமே கோத்தால் என்ன?' என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் உதித்தது.

கொல்கத்தாவில் பெண்டிங்க் தெருவில் சைக்கிள் கடைகள் வரிசையாக உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய நாள் லோக்கல் ரயிலேறிச் சென்று, விலை விசாரித்து, ஒரு தாளில் கணக்கு எழுதினேன். பிரேமும் போர்க்கும் 1,550, ரிம் இரண்டு 640, ஹப், போக்ஸ் கம்பிகள் 560, டயரும் டியூபும் 900, செயின், கிராங்க், பிரீவீல், பெடல் ஆகியவை 820, ஹாண்டில்பாரும் பிரேக்கும் 480, ஸீட்டு 250. ஆக மொத்தம் 5,200 ரூபாய். ஆயிரத்து இருநூறு ரூபாய் லாபம்! பார்சல் ஆபீஸில் பதினைந்து வருஷம் கணக்கெழுதிய கை அல்லவா? கூட்டலில் பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது.

மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர், பெல், பூட்டு ஆகியவற்றை நான் பட்டியலில் எழுதவேயில்லை. கடையில் நிற்கும் வண்டியில் இவை கண்ணுக்குத் தெரியும். ஆனால் பாகங்களாக எண்ணும்போது மனத்திற்குத் தோன்றுவதில்லை. இவற்றுக்கு 730 ரூபாய் ஆயிற்று. ஹப்பின் கோனை இறுக்கும் ஸ்பானரும், கம்பிகளை முறுக்கும் சாவியும் 310. கிரீஸும் எண்ணெயும் 60. ரயில், ஆட்டோக் கட்டணங்கள் 180. சக்கரம் கோக்க என்னால் இயலாமல் மிஸ்திரியிடம் கொடுத்த கூலி 300. முடிவில் 6,780 ரூபாய். கடை விலையைவிட 380 ரூபாய் அதிகம்.

இதில் அதிசயம் ஏதுமில்லை. தொழிற்சாலை பாகங்களை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. நாம் ஒவ்வொன்றாக வாங்குகிறோம். ஒவ்வொரு பாகத்தின் விலையிலும் ஒரு மொத்த வியாபாரியும் ஒரு சில்லறை வியாபாரியும் தத்தம் லாபத்தை வைத்திருக்கிறார்கள். லூதியானாவின் பெயர் பெற்ற ஹீரோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்கள் முதலில் சைக்கிள் பாகங்களையே விற்று வந்தவர்கள். 1956 இல்தான் முழுச் சைக்கிள் செய்ய முற்பட்டார்கள். உதிரியிலிருந்து முழு வண்டிக்குப் போவது வியாபாரிக்கு ஏற்றமான வழி. ஒரே ஒரு வண்டி செய்யும் குமாஸ்தாவுக்கு அவ்வழியில் லாபம் கிட்டாது.

ஆயினும் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இன்பமானவை என்பதை மறுக்கமாட்டேன். வராந்தாவில் பழைய தினசரித் தாளைப் பரப்பி, பாகங்களை வரிசையாக அடுக்கினோம். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது குண்டுகள், முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து. கிரீஸில் பதித்த அக்குண்டுகளைப் பெண் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். கோனை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் சக்கரம் கரகரக்கிறது, தளர்த்தினால் ஆடுகிறது, இரண்டுக்கும் நடுவில் கால் சுற்று அளவே இடமுண்டு. அந்தக் கால் சுற்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை தேவைப்பட்டது. அவளுக்கோ பத்து நிமிஷம்.

கடைசி ஞாயிறன்று பெடல்களை மாட்டினேன். வலப்பக்கம் எளிதில் ஏறிற்று. இடப்பக்கம் ஏறவில்லை. பெடல்கள் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. 'புது மரை அல்லவா, சற்று இறுக்கமாகத்தான் இருக்கும்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஸ்பானரில் உடல் பாரத்தைப் போட்டு அழுத்தினேன். ஏறிற்று. வலப்பக்கத்தில் ஏறிய பெடலையும் பின்னர் எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில், கடைக்காரர் பொட்டலத்தில் வைத்திருந்தவை இரண்டுமே வலப்பக்கத்துப் பெடல்கள். சரிபார்த்து வாங்க வேண்டியவன் நான். ஆதலால் அது என் குற்றமே.

ஒன்பதாம் நாள் மாலை, பள்ளியிலிருந்து திரும்புகையில், ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தாள். இடப் பெடல் மரையோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. அவள் முகம் ஹாண்டில்பாரில் மோத, பாதையில் விழுந்தாள். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டு நிறுத்தினார். எந்த ஊர்க்காரரோ, எந்த மொழிக்காரரோ அறியேன். அவரே அவளைத் தூக்கி ஓரத்தில் உட்கார வைத்து, அவள் புத்தகப் பையிலிருந்த எண்ணைப் பார்த்து எனக்குத் தகவல் சொன்னார். மோவாயில் இரண்டு தையல். அம்மட்டோடு போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இரவு என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "ஆயிரத்து இருநூறு ரூபாய்க்காகப் பெண்ணைப் பந்தயம் வைத்துவிட்டீர்களே." மிச்சம் ஒரு காசும் இல்லை என்பதை அவளிடம் அப்போது சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

சைக்கிளின் வலப் பெடலுக்கு வல மரை. இடப் பெடலுக்கு இட மரை. அதாவது, இடப் பெடலைக் கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பி இறுக்க வேண்டும். காரணம் இதுதான்: நாம் மிதிக்குந்தோறும் பெடலின் அச்சு கிராங்கின் துளைக்குள் மிக நுண்ணிதாக உருளுகிறது. மரை தவறான பக்கமாக இருந்தால், அவ்வுருளல் நாள்தோறும் சிறுகச் சிறுக அதைக் கழற்றிக்கொண்டே வரும். ஆகாய விமானத்தை 1903 இல் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் அதற்கு முன்னர் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் வியாபாரிகள். 1896 முதல் சொந்தமாகவே சைக்கிள் செய்து விற்றவர்கள். கழன்று விழாத பெடல் என்று, இடப்பக்கத்துக்கு இட மரை போட்ட பெடலை 1900 இல் அவர்கள் விளம்பரப்படுத்தினார்கள். அச்சின் நுனியில் வலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனி ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கும். அந்த ஓர் எழுத்தை நான் படிக்கவில்லை.

புதுக் கிராங்கும் பெடலும் 220 ரூபாய். ஆக, கோத்த சைக்கிளின் முழு விலை 7,000 ரூபாய். கடை விலைக்கு மேல் 600. இக்கணக்கில் தையலைச் சேர்க்கவில்லை.

'அப்படியானால் முழுச் சைக்கிளே உத்தமம்' என்று அன்பர்கள் தீர்ப்புக் கூற விரும்பலாம். சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன். 2025 இல் என் மகனுக்கு முழு வண்டியாகவே வாங்கினேன். கடைக்காரர் அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்தவுடன், என் பெண் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்து ஹாண்டில்பாரைத் திருப்பினாள். சக்கரம் அசையாமல் ஹாண்டில்பார் மட்டும் திரும்பிற்று. முன் ஆக்சிலின் நட்டு ஒன்று கையால் சுற்றினாலே சுழன்றது. இடக் கிராங்கின் கோட்டர் பின் சரியாக அடித்து இறக்கப்படவில்லை. கடையின் மிஸ்திரி முகம் சுளிக்காமல் பத்து நிமிஷத்தில் யாவற்றையும் செம்மைப்படுத்திக் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் பெரும்பாலும் அரைகுறையாகக் கோத்த நிலையில், பெட்டியில் அடைபட்டே கடைக்கு வருகின்றன. ஹாண்டில்பார், பெடல், சக்கரம், பிரேக் முதலியவற்றைக் கடையில் ஒருவர் மாட்டுகிறார். பண்டிகைக் காலமாயின் அவர் அவசரத்தில் மாட்டுகிறார். ஆகவே முழுச் சைக்கிள் என்று நாம் அழைப்பதும் வேறொருவர் கோத்த உதிரிகளே. நட்டுகளை இறுக்கியவர் யார், தவறு நேர்ந்தால் திருத்தித் தரக் கடமைப்பட்டவர் யார் என்பவையே உண்மையான கேள்விகள். கடையில் வாங்கினால் அக்கடமை கடைக்காரருடையது. வீட்டில் கோத்தால் முழுப் பொறுப்பும் நம்முடையதே.

ஆதலின் என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பணம் மிச்சம் பிடிக்கும் பொருட்டு உதிரிப் பாகம் வாங்காதீர்கள்; மிச்சம் இராது. பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு தொழிலைக் கற்கும் பொருட்டு வாங்குவீர்களாயின், 600 ரூபாய் அதற்குரிய பள்ளிச் சம்பளம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அப்போதும் சக்கரம் கோத்துப் பெண்டு எடுக்கும் வேலையை மிஸ்திரியிடமே விடுங்கள். வண்டி முடிந்ததும், பிள்ளை ஏறுமுன், கூலி கொடுத்தேனும் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். நான் ஐம்பது ரூபாய்க்கு மனமின்றித் தவிர்த்தது அந்த ஒரு காரியத்தைத்தான்.

முழு வண்டி வாங்குவோர் கடை வாசலிலேயே ஐந்து சோதனைகள் செய்க. ஹாண்டில்பாரை மேற்சொன்னவாறு திருப்பிப் பாருங்கள். சக்கரங்களைச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பெடல் அச்சுகளில் உள்ள எழுத்தைப் படியுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருளலாகாது. இவற்றோடு, முதல் இரண்டு வாரம் ஓட்டிய பின் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். புது வண்டி படிந்து வருகையில் அவை தளர்வது இயல்பு. மழைக்காலத்தில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் தாமதித்தே பிடிக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. பிறந்த ஊரில் நமக்குக் கொல்லரும் தச்சரும் பரம்பரையாக அறிமுகமானவர்கள். வந்த ஊரில் அவ்வாறு எவருமில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் அறிமுகமானவரும் பின்தங்கிவிடுவார். எங்கள் வீதி முனையிலுள்ள மிஸ்திரிக்கும் எனக்கும் பொதுவான மொழி அரைகுறை இந்தி மாத்திரமே. ஆயினும் பெண் விழுந்த மறுநாள், உடைந்த கிராங்கைக் கையில் வைத்துக்கொண்டு, இட மரை எது, வல மரை எது என்று அவர் எனக்கும் அவளுக்கும் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். ஊருக்கு ஒரு நல்ல மிஸ்திரியை அறிந்து வைத்திருப்பது உறவினர் ஒருவரைப் பெற்றதற்குச் சமானம்.

அந்தச் சைக்கிள் இன்றும் ஓடுகிறது. அதைப் பிரித்து எண்ணெய் போடுபவள் அவளே. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்களின் வண்டிகளும் இப்போது எங்கள் வராந்தாவுக்கு வருகின்றன. மோவாயில் சிறு தழும்பு உண்டு. அதை அவள் பொருட்படுத்துவதில்லை, நான் தினமும் பார்க்கிறேன்.

கோன் ஸ்பானரும் கம்பிச் சாவியும் எங்கள் வீட்டில் உள்ளன. சங்க அன்பர்கள் எவரேனும் வேண்டுமாயின் கேட்டு எடுத்துச் செல்லலாம்; வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும்.