சிங்கப்பூர் கம்பெனியில் ‘பேருக்கு’ டைரக்டர் ஆகலாமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆலங்குடி பக்கம் பல வீடுகளில் ஒருவராவது சிங்கப்பூரில் வேலை பார்த்தவராக இருப்பார். சில வருடம் கழித்து, ‘நாமே ஒரு கம்பெனி போட்டால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. இன்னொரு பக்கம், “மச்சான், பேருக்கு டைரக்டரா இருடா, ஒரே ஒரு கையெழுத்துதான்” என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

கம்பெனி தொடங்க என்ன தேவை?

சிங்கப்பூரில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அமைப்பு ‘அக்ரா’. ஒரு பங்குதாரர், 18 வயது நிறைந்த ஒரு டைரக்டர், உள்ளூர் முகவரி இருந்தால் போதும். முதலீடு ஒரு வெள்ளியாகக்கூட இருக்கலாம். பதிவான ஆறு மாதத்துக்குள் ஒரு செயலாளரை நியமிக்க வேண்டும். பங்குகள் முழுவதையும் வெளிநாட்டவரே வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சிக்கல் எங்கே?

டைரக்டர்களில் ஒருவராவது சிங்கப்பூரில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுக் கம்பெனிச் சட்டத்தின் 145-வது பிரிவு. குடிமக்கள், நிரந்தரவாசிகள், தகுந்த பாஸ் உள்ளவர்கள் இதில் வருவார்கள். ஊரில் இருந்தபடி கம்பெனி நடத்த நினைப்பவர் அங்கே ஓர் ஆளைத் தேடுவது இதனால்தான்.

ஒர்க் பர்மிட்டில் இருப்பவர் அந்த ஆளாக முடியாது. சொந்தத் தொழில் தொடங்குவதோ, வேறு தொழிலில் ஈடுபடுவதோ பர்மிட் நிபந்தனைக்கு எதிரானது. வேலையே போய்விடலாம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் உள்ளவர்கூட இன்னொரு கம்பெனியில் டைரக்டராக மனிதவள அமைச்சின் அனுமதி பெற வேண்டும்.

‘சிங்பாஸ்’ கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதைக் காசுக்கு விற்பது 2024 முதல் தனிக் குற்றம்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொன்னால்?

சட்டம் ஏற்காது. டைரக்டர் நேர்மையாகவும் உரிய கவனத்தோடும் செயல்பட வேண்டும் என்கிறது 157-வது பிரிவு. பெயரளவு டைரக்டருக்கென்று தனிச் சலுகை கிடையாது. மீறினால் அபராதம், 12 மாதம் வரை சிறை. போலிக் கம்பெனிகளின் வங்கிக் கணக்கு வழியாக மோசடிப் பணம் கைமாறிய வழக்குகளில், கையெழுத்து மட்டும் போட்டவர்களும் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆண்டறிக்கை தாக்கல் செய்யாவிட்டாலும் டைரக்டர்தான் பதில் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டையில் இருந்து பணம் போடலாமா?

போடலாம். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும். கம்பெனிப் பங்கு வாங்குவதென்றால் வங்கி வழியாகப் படிவம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். உண்டியல் வழி கூடவே கூடாது. வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியிலும் அந்தப் பங்கைக் காட்ட வேண்டும். மறைத்தால், 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.

இங்கும் இதே விதி உண்டா?

உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து புதுக்கோட்டையில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினால், டைரக்டர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 149-வது பிரிவு இதைச் சொல்கிறது. டைரக்டரின் கடமைகள் 166-வது பிரிவில் உள்ளன.

கையெழுத்துப் போட்ட பிறகு விலகலாமா?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. சிங்கப்பூரில் வசிக்கும் டைரக்டர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், அங்கு வசிக்கும் இன்னொருவர் அந்த இடத்துக்கு வரும்வரை ராஜினாமா செல்லாது. கேட்ட மச்சான் போனை எடுக்காமல் போனாலும், அக்ரா ஏட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும்.