லைன், லயன், லயம்

ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமான சொற்களுள் 'லைன்' என்பதும் ஒன்று. ஆயினும் அதற்கு நிகராகத் தமிழில் ஒரே சொல்லைச் சொல்லிவிட முடியாது. கணிதத்தில் அது கோடு, எழுத்தில் வரி, கவிதையில் அடி, கடை வாசலில் வரிசை, குலத்தில் வழி, மீன் பிடிப்பவர் கையில் தூண்டிற் கயிறு. தொலைபேசியில் 'லைன் கிடைக்கவில்லை' என்கிறோம். 1885இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதையும் 'லைன்'தான். இத்தனைக்கும் மூலம், ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலைக் குறித்த இலத்தீன் சொல்லாகும்.

படைவீரர் முகாம்களில் வரிசையாக அமைந்த குடியிருப்புகளையும் ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே அழைத்தனர். மலையகத்துக்கு வந்து சேர்ந்தது இந்தப் பொருளே. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கென நீண்ட கட்டடங்களை எழுப்பி, உள்ளே சிற்றறைகளாகத் தடுத்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் ஒரு குடும்பம். அந்த 'லைன்' நம்மவர் நாவில் லயன் ஆயிற்று. பின் லயமும் ஆயிற்று. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களமும், 'பரேட்' என்ற படைச்சொல்லின் திரிபே.

இசையில் லயம் என்றால் தாள ஒழுங்கு. மனம் ஒன்றில் ஒடுங்குவதும் லயம். அந்த இனிய ஓசைக்குள் இந்தச் சிற்றறை வாழ்க்கை மறைந்துகொண்டது. அறையைக் குறிக்கும் 'காம்பரா'வோ போர்த்துக்கேயர் தந்த சொல். ஆகவே 'லயக் காம்பரா' என்ற தொடரில் இரண்டு சொற்களுமே ஆள வந்தவர்களுடையவை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேயிலைச் செடிகளின் வரிசையையும் ஆங்கிலத்தில் 'லைன்' எனலாம். ஆனால் மலையில் அதற்கு வழங்குவது 'நிரை' என்ற பழந்தமிழ்ச் சொல். நேர், நிரை என அசை பிரிக்க நான் கற்பிக்கும்போது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது வீட்டில் கேட்டுப் பழகிய சொல்லாகவே இருக்கிறது. உழைக்கும் இடத்துக்குத் தமிழ்ச் சொல். உறங்கும் இடத்துக்கு அந்நியச் சொல். நிரையைத் தம் கைகளால் அறிந்தவர்கள் அதற்குத் தம் சொல்லையே இட்டார்கள். லயமோ தோட்டத்தின் உடைமை. வேலையோடு ஒட்டிக் கிடைத்தது. தலைமுறைகள் வாழ்ந்தும் அது சொந்தமாகவில்லை. மலையக நாவல் ஒன்றுக்கு சி.வி. வேலுப்பிள்ளை 'வீடற்றவன்' என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்!

'விடு' என்ற வினையடி நீண்டு 'வீடு' ஆகிறது. தமிழில் அது உறைவிடத்தையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். லயத்தில் வாழ்வோர் கேட்கும் தனிவீட்டிலும் காணி உறுதியிலும் இவ்விரு பொருளும் அடங்கியுள்ளன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 10,000 வீடுகளை அறிவித்தார். தனிவீடுகள் பல எழுந்துள்ளன. எனினும் லயங்கள் இன்னும் மறையவில்லை.

சொற்கள் வழக்கொழிவது தமிழாசிரியனுக்கு வருத்தம் தரும். ஆனால் இந்தப் பொருளில் வரும் 'லயம்' மட்டும், பழைய அகராதியில் தேடிப் பார்க்கும் சொல்லாகிவிட வேண்டும் என்பதே என் விருப்பம்.